மினி டிராக்டருக்கு எந்தக் கருவி?

கேள்வி: தென்னந்தோப்பில் களை ஒழிக்க 20 குதிரைத்திறன் மினி டிராக்டர் வாங்கியிருக்கிறேன். பின்னால் மாட்டும் கருவிகளை எப்படித் தேர்ந்தெடுப்பது?

பதில்: முதலில் மூன்று முனை இணைப்பைப் பாருங்கள். அது கேட்டகரி 1 வகை என்றால் அதன் கீழ்க் கைகளில் 22 மி.மீ. விட்டமுள்ள பின் (pin) பொருந்தும், கருவியும் அதே வகையாக இருக்க வேண்டும்.

ரொட்டவேட்டருக்கு உங்கள் பின் டயர்களின் தடத்தை மூடும் அகலம் இருந்தால் போதும். அதற்கு மேல் ஆசைப்பட்டால் எஞ்சின் திணறும். அது பி.டி.ஓ. (கருவியைச் சுழற்றும் டிராக்டர் தண்டு) நிமிடத்துக்கு 540 சுற்று சுற்றும் வேகத்துக்கு ஏற்றதா என்றும் கேளுங்கள்.

விற்பவர் சொல்லும் தூக்குதிறன் பெரும்பாலும் கீழ்க் கைகளின் முனையில் அளந்தது. கருவியின் எடை அதற்கும் பின்னால் தள்ளி இருப்பதால் அவ்வளவு தூக்காது. முன்சக்கரம் தூக்குவதுபோல் தெரிந்தால் முன்பக்கம் எடைக்கட்டி மாட்டுங்கள்.

கொத்துக்கலப்பையை ஆழமாக இறக்காதீர்கள். தென்னை வேர் அறுபடும். டிரெய்லரைத் தாழ்வான கொக்கியில் மட்டும் மாட்டுங்கள். டாப் லிங்க்கில் (மூன்று முனை இணைப்பின் மேல் கையில்) கட்டி இழுத்தால் வண்டி பின்பக்கமாகக் கவிழ்ந்து உயிருக்கே ஆபத்தாகிவிடும்.