பிரையரைப் பார்

அன்புள்ள மருமகளுக்கு,

ஸ்டாண்ட்-அப் காமெடியில் யார் பெரியவர் என்று தோழிகளோடு வாதம் முற்றிப்போய் என்னைத் தீர்ப்புச் சொல்லக் கூப்பிட்டிருக்கிறாய். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்: ரிச்சர்ட் பிரையர்.

ஜார்ஜ் கார்லினைச் சொல்கிறவர்களோடு எனக்குச் சண்டையில்லை. சொல்லைச் சாணை பிடிப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. பழைய சரக்கை ஒதுக்கிவிட்டுப் புதிதாக எழுதிக்கொண்டே இருந்தார். ஹெச்பிஓ தொலைக்காட்சிக்கு மட்டும் 14 நிகழ்ச்சிகள். ஆனால் கார்லின் பேசும்போது ஒரு பெரிய அறிவாளியைக் கேட்கிறோம். பிரையர் மேடையேறினால் ஒரு தெருவே கூட ஏறிவிடும்.

1979இல் வெளிவந்த அவருடைய ‘லைவ் இன் கான்செர்ட்’ படத்தைத் தேடிப் பார். கலிஃபோர்னியாவின் லாங் பீச்சில் எடுத்தது. அதில் மாரடைப்பு வந்த கதையைச் சொல்வார். நெஞ்சைத் தன் முஷ்டியாலேயே அழுத்திக்கொள்வார். இதயம் ஒரு தெருச் சண்டியர் குரலில் அதட்டும், மூச்சு விடாதே என்று. இவர் சின்னப் பிள்ளைபோலக் கெஞ்சுவார். பன்றிக்கறி தின்றதற்கெல்லாம் இதயம் கணக்குக் கேட்கும். ஒரே உடம்பு, இரண்டு ஆள். முழங்காலில் விழுந்து, பிறகு மல்லாந்து, தரையில் கிடந்தபடியே பேச்சு தொடரும். ஆம்புலன்ஸில் கண் விழித்தால் சுற்றிலும் வெள்ளைக்கார முகங்கள். செத்துத் தப்பான சொர்க்கத்துக்கு வந்துவிட்டோமோ என்று பதறுவார். கறுப்பராக அமெரிக்காவில் வாழ்வது எப்படியிருக்கும் என்பது அந்த ஒரு பதற்றத்தில் இருக்கிறது. இந்தப் பகுதியை எழுதி வேறொருவர் கையில் கொடுத்தால் செத்துப்போகும். ஒருவர் தனித்து நிற்கிறாரா என்று பார்க்க எனக்குத் தெரிந்த சோதனை இதுதான்.

அவருக்கும் இந்தத் தனித்தன்மை உடனே கைவரவில்லை. ஆரம்பத்தில் இன்னொரு காமெடியன் பில் காஸ்பியின் பாணியில், யாருக்கும் உறுத்தாமல் பேசிப் பெயர் வாங்கினார். 1967இல் லாஸ் வேகாஸில் ஒரு நிகழ்ச்சியின் நடுவே மேடையை விட்டு இறங்கிப் போய்விட்டார். அதன் பிறகுதான் தான் பிறந்த பியோரியா ஊரின் குடிகாரர்களும் கிழவர்களும் அவர் பேச்சுக்குள் வந்தார்கள். பாட்டி நடத்திய விபசார விடுதியில் வளர்ந்தவர் அவர். மறைக்க வேண்டியது என்று ஊர் சொல்வதையே எடுத்து வைத்தார்.

அவர் வாழ்ந்த விதத்தை நான் மெச்சவில்லை. போதை அவரை 1980இல் தீக்காயத்தோடு சாவின் விளிம்புவரை இழுத்துப்போனது. கூட இருந்தவர்களுக்கும் துன்பம்தான்.

ஆனாலும் ஒன்றை நீ கவனிக்க வேண்டும். கறுப்பர்களை இழிவாகச் சொல்லும் வசைச்சொல்லைத் தன் ஆல்பத் தலைப்பிலேயே வைத்துப் புகழ் பெற்றவர், கென்யாவுக்குப் போய் வந்தபின் இனி அதைச் சொல்வதில்லை என்று முடிவெடுத்தார். 1982இல் வந்த படத்தில், மேடையில் நின்றே அதை விளக்கினார். கைதட்டல் உறுதியாகக் கிடைக்கிற ஆயுதத்தைத் தானே கீழே வைக்கும் துணிவு எத்தனை பேருக்கு வரும், சொல்? எனக்கு அவர் பெரியவராகத் தெரிவதில் இதற்குப் பாதிப் பங்கு.

கெட்ட வார்த்தை நிறைய வரும், ஹெட்ஃபோன் போட்டுக்கொள். மாரடைப்புப் பகுதியை இரண்டாம் முறை ஒலியை நிறுத்திவிட்டு, அந்த முஷ்டியையும் முகத்தையும் மட்டும் பார். அதற்குப் பிறகும் கார்லின்தான் என்று தோன்றினால் காரணத்தோடு எழுது.

அன்புடன்,
மாமா