தந்தைக்குப் பின் ஊர் திரும்பும் மகள்: சொத்துக் காரியங்களைச் செய்யும் வரிசை

தமிழ்நாட்டில் உயில் எழுதாமல் இறந்த ஓர் இந்துத் தந்தையின் சொத்தைப் பற்றியது இக்கட்டுரை. கிறித்தவ, இசுலாமியக் குடும்பங்களுக்கு வேறு சட்டங்கள் பொருந்தும். வெளியூரில் பணிபுரியும் மகளுக்குத் துக்கத்தின்போது கிடைப்பது சில நாள் விடுப்பே என்பதால், நேரில் நின்று முடிக்க வேண்டியதையும் தொலைவிலிருந்தே செய்யக்கூடியதையும் முதலிலேயே பிரித்துக்கொள்வது நலம்.

முதற்பணி, இறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்வது. சான்றிதழில் தந்தையின் பெயர் பத்திரத்தில் உள்ளபடியே அமைந்திருக்கிறதா என்று அங்கேயே பார்த்துவிட வேண்டும். தலைப்பெழுத்து மாறியிருந்தாலும் பின்னர் ஒவ்வோர் அலுவலகத்திலும் அதற்கு விளக்கம் சொல்ல நேரிடும். அடுத்து, இ-சேவை மையம் வழியாக வாரிசு சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம். விசாரணைக்குப் பின் வட்டாட்சியர் வழங்கும் இச்சான்று வாரிசுகள் யாவர் என்று சொல்லுமேயன்றி, யாருக்கு எவ்வளவு என்று சொல்லாது. வங்கிக் கணக்கின் நியமனதாரரும், அதாவது பணத்தைப் பெற்றுக்கொள்ளக் குறிக்கப்பட்டவரும், அக்குறிப்பினால் மட்டுமே உரிமையாளர் ஆகிவிடுவதில்லை.

பங்கைப் பற்றித்தான் ஊரில் குழப்பம் மிகுதி. பெண்ணுக்குச் சொத்துரிமை 1989-இல் வந்தது என்பார் உண்டு, 2005-இல் என்பாரும் உண்டு; அவ்விரு திருத்தங்களும் கூட்டுக்குடும்பப் பூர்வீகச் சொத்தில் மகளைப் பிறப்பாலேயே பங்குதாரர் ஆக்கியவை. தந்தை தாமே சம்பாதித்த சொத்தில், 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டமே மனைவி, மகன், மகள், இறந்தவரின் தாய் ஆகியோருக்குச் சமபங்கு அளித்துவிட்டது. திருமணத்தின்போது போட்ட நகையோ செய்த சீரோ இப்பங்கைக் குறைப்பதில்லை. 2004 டிசம்பர் 20-க்கு முன் பதிவான பாகப்பிரிவினையை மட்டும் 2005 திருத்தத்தைக் காட்டிக் கலைக்க இயலாது.

ஆகவே கருமாதி முடிந்த கையோடு நீட்டப்படும் விடுதலைப் பத்திரத்தில், அதாவது தம் பங்கை உடன்பிறந்தவருக்கு விட்டுக்கொடுக்கும் ஆவணத்தில், உடனே கையெழுத்திடலாகாது. விட்டுக்கொடுப்பதில் தவறில்லை, எதை விட்டுக்கொடுக்கிறோம் என்று அறியாமல் கொடுப்பதுதான் தவறு. வீட்டிலுள்ள மூலப்பத்திரங்களைப் படியெடுத்துக்கொண்டு, சொத்தின் மீது விற்பனை, அடமானம் முதலியன பதிவாகியுள்ளனவா என்று காட்டும் வில்லங்கச் சான்றை இணையத்தில் எடுத்து, நிலமாயின் பட்டா யார் பெயரில் உள்ளது என்பதோடு ஒப்பிட வேண்டும். தந்தையின் கடன்களையும் கேட்டறிய வேண்டும். தனியே பிணை கொடுத்திராத வாரிசு, தாம் பெறும் சொத்தின் அளவுக்கே அவற்றுக்குப் பொறுப்பாவார். விடுப்பு இல்லையென்று உறவினருக்குப் பொது அதிகாரப் பத்திரம் எழுதித் தருவதினும், பதிவு நாளன்று ஒருமுறை வந்துபோவதே மேல்.

பிரித்துக்கொள்வதாயின் பாகப்பிரிவினைப் பத்திரத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்தபின் பட்டா, சொத்துவரி, மின் இணைப்பு ஆகியவற்றைப் பெயர் மாற்ற வேண்டும். தாய் குடியிருக்கும் வீட்டை அவர் காலம்வரை பிரிக்காமல் வைக்கும் குடும்பங்களும் உண்டு. அங்கும் ஆவணங்களை எல்லா வாரிசுகளின் பெயரிலும் கூட்டாக மாற்றி வைப்பது பின்னாள் வழக்கைத் தவிர்க்கும்.

பலர் கவனிக்காத ஒன்றும் உண்டு. பிள்ளையில்லாத பெண் உயில் எழுதாமல் இறப்பின், பெற்றோர்வழி வாரிசாகப் பெற்ற சொத்து கணவருக்குச் செல்லாமல் தந்தையின் வாரிசுகளுக்கே திரும்பும். கணவரையோ வேறொருவரையோ அது சேர வேண்டுமென விரும்புபவர், பெயர் மாற்றம் முடிந்ததும் தம் உயிலையும் எழுதிவிட வேண்டும்.