ஊமைக் கணினி பேசியது

2011இல் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் என் சித்தி பெற்ற கணினியில்தான் நான் படிக்கிறேன். புதிய இயங்குதளம் ஏற்றியதும் ஒலி நின்றது. பொதுத்தேர்வுப் பாடங்களைக் கேட்க வழியில்லை. அப்பாவின் உப்பளக் கூலியில் வேறு வாங்கவும் இயலாது.

தாய்ப்பலகையின் ஒலிச்சில்லுக்கும் இயங்குதளத்துக்கும் மொழிபெயர்ப்பாளராய் நிற்கும் மென்பொருளே 'டிரைவர்'. 'டிவைஸ் மேனேஜர்' பகுதியில் ஒவ்வோர் உறுப்பின் எண்களும் உண்டு. 8086 என்பது இன்டெல் நிறுவனத்தையும், 10இசி என்பது ரியல்டெக்கையும் குறிக்கும். அடுத்த எண் சில்லின் வகை. அவற்றைக் கொண்டு தயாரிப்பாளரின் தளத்திலேயே தேடினேன். முந்தைய பதிப்புக்குரிய டிரைவரே கிடைத்தது, பொருந்தியது! 32 பிட், 64 பிட் வகை மட்டும் ஒத்திருக்க வேண்டும். அறியாத தளங்களில் எடுத்தால் வைரஸ் புகக்கூடும்.

மரக்காணத்தில் மழை ஓய்ந்ததும் பழைய பாத்திகளைச் செப்பனிட்டே உப்பு விளைவிக்கிறோம். பழைய கணினியும் அப்படித்தான், தோழியரே!