உள்ளாட்சிப் பணியும் நமது எதிர்காலமும்

படித்து முடித்ததும் ஓர் அரசாங்க வேலை என்பது நம் பெற்றோரில் பலர் காணும் கனவு. அதிலும் ஊராட்சி, நகராட்சி, கிராம நிர்வாகம் ஆகியவற்றைச் சார்ந்த வேலை என்றால் அவர்களுக்குத் தனி ஆவல். அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் குரூப் 4 தேர்வை எழுதப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியே போதும். கிராம நிர்வாக அலுவலர், இளநிலை உதவியாளர், தட்டச்சர் முதலிய பதவிகள் அத்தேர்வின் வழியே நிரப்பப்படுகின்றன. ஆனால், கடிதம் எழுதவும் கணக்குப் பார்க்கவும் வல்ல செயற்கை நுண்ணறிவு வந்துவிட்ட இந்நாளில், அந்த நாற்காலிகள் நமக்காகக் காத்திருக்குமா? இவ்வினாவுக்கு விடை காண முயல்வோம்.

பதவி மாறும், பணி மாறாது

முதலில் நம் மாநிலத்து வரலாறு ஒன்றைப் பார்ப்போம். கர்ணம், மணியக்காரர் என்னும் கிராமப் பதவிகள் நெடுங்காலம் ஒரு சில குடும்பங்களிலேயே வழிவழியாகத் தங்கியிருந்தன. 1980 நவம்பரில் தமிழக அரசு ஓர் அவசரச் சட்டத்தால் அவற்றை ஒழித்தது. அவற்றின் இடத்தில் முழுநேரக் கிராம நிர்வாக அலுவலர் வந்தார். பதவிகள் மறைந்தனவேயன்றி, சிட்டாவும் அடங்கலும் மறையவில்லை. எந்தக் குடும்பத்தில் பிறந்தவராயினும் தேர்வெழுதி அப்பணிக்கு வரலாம் என்றானது. இன்று பெண்கள் பலர் அப்பணியில் இருப்பதைக் காண்கிறோம். மாறுதல் ஒரு கதவை அடைக்கும்போது வேறு கதவைத் திறக்கவும் கூடும் என்பதற்கு இது நல்ல சான்று.

இயந்திரம் எடுத்துக்கொள்ளும் வேலைகள்

இன்று நிகழும் மாறுதலையும் அவ்வாறே ஆராய வேண்டும். நிலப் பதிவேடுகள் கணினியில் ஏறிவிட்டன. சான்றிதழுக்கு இணையம் வழியே விண்ணப்பிக்கிறோம். 2025 ஆகஸ்டில் மத்திய பஞ்சாயத்து ராஜ் அமைச்சகம் ‘சபாசார்’ என்னும் கருவியை அறிமுகப்படுத்தியது. கிராம சபையில் பேசப்படுவதைப் பதிவு செய்து கொடுத்தால், அதிலிருந்து கூட்டக் குறிப்பை அது தானே எழுதித் தருகிறது. ஜப்பானில் யோகோசுகா நகராட்சி 2023 ஏப்ரலிலேயே தன் ஊழியர்கள் சாட்ஜிபிடியைப் பயன்படுத்திப் பார்க்க வழி செய்தது. ஆயினும், மக்களின் தனிப்பட்ட விவரங்களை அதில் இடக்கூடாது என்றும் விதித்தது.

ஆகவே, படியெடுத்தல், தட்டச்சு செய்தல், பதிவேட்டைப் புரட்டித் தேடுதல் ஆகிய வேலைகள் சுருங்கும். அவற்றை மட்டுமே நம்பியிருக்கும் பதவிகளும் குறையக்கூடும். இதை நம்மிடமிருந்தே நாம் மறைத்துக்கொள்வதில் பயனில்லை.

இயந்திரத்தால் இயலாதவை

அப்படியானால் எஞ்சுவது என்ன? மூன்றினைக் கூறலாம்.

முதலாவது, நேரில் சென்று காணுதல். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது நம் பழமொழி. தெலுங்கானாவில் 2016 ஆம் ஆண்டில் கணினி விவரங்களை ஒப்பிட்டு இலட்சக்கணக்கான குடும்ப அட்டைகள் நீக்கப்பட்டன. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2022 இல் நீதிமன்றம், நீக்கப்பட்ட அட்டைகளைக் களத்தில் சென்று மீண்டும் சரிபார்க்கும்படி ஆணையிட்டது. கணினியின் பிழையைத் திருத்துவதற்கு, வீட்டு வாசலில் போய் நிற்கும் ஓர் அலுவலர் தேவைப்பட்டார் அன்றோ? வெள்ளத்தில் எந்தச் சுவர் இடிந்தது, எந்த வயல் அழிந்தது என்று பார்த்து எழுதுவதும் இத்தகைய வேலையே.

இரண்டாவது, பேசாதவரின் குரலைக் கேட்டல். தமிழகத்தில் ஆண்டுக்கு ஆறு நாட்கள் கிராம சபை கூடும் என்று வகுத்துள்ளனர். அங்கே பேசப்படுவதைக் கருவி எழுதிவிடும். பேச அஞ்சிக் கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் மூதாட்டியின் குறையை அது எப்படி எழுதும்? கூட்டத்திற்கே வராத தெருவைப் பற்றி அதற்கு என்ன தெரியும்? ‘இத்தெருவிலிருந்து ஒருவரும் ஏன் வரவில்லை?’ என்று கேட்கத் தெரிந்தவரே நல்ல ஊராட்சிச் செயலர்.

மூன்றாவது, பொறுப்பேற்றல். 2005 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, தக்க காரணமின்றித் தகவல் தர மறுத்தாலோ தாமதித்தாலோ பொதுத் தகவல் அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. சட்டம் இங்கே ஒரு மனிதரையே பொறுப்பாக்குகிறது. இயந்திரத்திற்கு அபராதம் விதிப்பது எவ்வாறு? அதனிடம் முறையிடுவதுதான் எவ்வாறு?

இம்மூன்றும் பெண்களாகிய நமக்கு மிக நெருக்கமானவை. நெதர்லாந்து நாட்டின் ரோட்டர்டாம் நகராட்சி, உதவித்தொகை பெறுவோரில் யார் மீது ஐயம் கொள்ளலாம் என்று கணிக்கச் சில ஆண்டுகள் ஒரு கணினி முறையைப் பயன்படுத்தியது. கண்டனங்கள் எழுந்தபின் 2021 இல் அதை நிறுத்தியது. பத்திரிகையாளர்கள் அம்முறையை ஆராய்ந்து 2023 இல் வெளியிட்டனர். பெண்ணாக இருப்பதும், அந்நாட்டு மொழியை நன்கு அறியாதிருப்பதும் ஒருவர் மீதான ஐயத்தை மிகுவித்தன என்று தெரியவந்தது. இயந்திரம் சொல்வதை அப்படியே ஏற்காமல், ‘இது நியாயமா?’ என்று நிறுத்திக் கேட்கும் ஒருவர் அலுவலகத்தில் இல்லையெனில், எளியோரே முதலில் துன்புறுவர்.

நாம் செய்ய வேண்டுவன

எனவே, தோழியரே, தேர்வுக்கு மனப்பாடம் செய்வதோடு நம் ஆயத்தம் முடிந்துவிடக் கூடாது. குரூப் 4 தேர்வின் 200 வினாக்களில் 100 தமிழுக்கு உரியவை. அத்தமிழை மதிப்பெண்ணுக்காக மட்டுமன்றி, ஒரு மனு ஏன் ஏற்கப்பட்டது, ஏன் மறுக்கப்பட்டது என்பதை எவரும் புரிந்துகொள்ளுமாறு நான்கு வரியில் எழுதவும் பழகுவோம். ஊராட்சிச் சட்டத்தையும் தகவல் உரிமைச் சட்டத்தையும் இப்போதே புரட்டிப் பார்ப்போம். செயற்கை நுண்ணறிவையும் அஞ்சாமல் கற்போம். ஆனால், அது தரும் விடையை வேறொரு வழியில் சரிபார்க்காமல் கையெழுத்திடுவதில்லை என்றும், பிறருடைய ஆதார் எண், நோய், வறுமை ஆகியவற்றை அதனிடம் கொட்டுவதில்லை என்றும் உறுதி கொள்வோம். அடுத்த கிராம சபைக்குப் பெரியவர்களுடன் சென்று, யார் பேசுகிறார், யார் பேசவில்லை என்று கவனிப்போம்.

தமிழக உள்ளாட்சி மன்றங்களில் பெண்களுக்குப் பாதி இடங்கள் என்று 2016 இல் சட்டம் செய்யப்பட்டது. மன்றத்தில் அமரும் பெண்களுக்குத் துணையாக, அலுவலகத்தில் அறிவும் நேர்மையும் உள்ள பெண்கள் வேண்டும். எழுத்தர் நாற்காலிகள் நாளை குறையலாம். ஆனால், குறை சொல்ல வருபவரை ‘உட்காருங்கள் அம்மா, என்ன வேண்டும்?’ என்று கேட்பவரின் தேவை குறையாது. அந்த இடத்திற்கு நம்மை நாமே தகுதியாக்கிக் கொள்வோமாக.