பனி கொட்டும் ஊரில் சாப்பாட்டுக் கடை



அடைமழை பிடித்துக்கொண்டால் கடைத்தெரு முழுவதும் ஒரே பேச்சாக இருக்கும். "இன்றைக்கு வியாபாரம் படுத்துவிட்டது" என்போம். நான்கு நாள் மழைக்கே நமக்கு இந்த மனத்தளர்ச்சி. ஆண்டில் நான்கு மாதம் பனி மூடிக் கிடக்கும் ஊரில், தெருமுனையில் சிறிய சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர் எப்படிக் காலம் தள்ளுகிறார்? அவருக்குச் சரக்குக் கொடுக்கும் வியாபாரி எப்படிப் பிழைக்கிறார்? இவற்றைத் தெரிந்துகொள்வதால் நமக்குப் பயன் உண்டு. ஆகவே இந்தப் பாடத்துக்கு ஜப்பான் நாட்டின் சப்போரோ நகரத்தை எடுத்துக்கொள்கிறோம்.

ஊரும் குளிரும்

சப்போரோ, ஜப்பானின் வடகோடியில் உள்ள ஹொக்கைடோ தீவின் தலைநகரம். மக்கள்தொகை சுமார் 20 இலட்சம். ஜனவரி மாதச் சராசரி வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே 3 டிகிரி. ஒரு குளிர்காலத்தில் விழும் பனியை நாள்தோறும் அளந்து கூட்டினால் ஏறத்தாழ 5 மீட்டர் வரும். டிசம்பரில் தரையில் படியும் பனி, ஏப்ரல் தொடக்கம் வரை கூடக் கிடக்கும். கடை திறக்கும் முன் வாசலில் குவிந்த பனியை அள்ளி ஒதுக்குவதே கடைக்காரருக்கு முதல் வேலை.

இந்த ஊரில் மக்கள் வீட்டுக்குள் முடங்கிவிடுவதில்லை. வெளியே போய்ச் சாப்பிடுகிறார்கள். அதுவும் பெரிய ஓட்டல்களில் மட்டும் அன்று. பத்துப் பன்னிரண்டு பேர் உட்காரும் தெருமுனைக் கடைகளில். அந்தக் கடைகளின் முக்கியமான பண்டம் ராமென். இறைச்சி எலும்பை நெடுநேரம் கொதிக்கவைத்த சாற்றில், கோதுமை நூடுல்ஸைப் போட்டுத் தரும் ஒரு கிண்ணம்.

கடையின் அமைப்பு

இந்தக் கடைகளின் அமைப்பை முதலில் பார்ப்போம். குளிர்ப் பிரதேசமாதலால் பல கட்டடங்களுக்கு வாசலில் இரட்டைக் கதவு. வெளிக்கதவைத் திறந்து உள்ளே வந்து, அதைச் சாத்திய பிறகு உள்கதவைத் திறக்கவேண்டும். கடைக்குள் இருக்கும் சூடு வீணாவதில்லை. சமையல் மேடையை ஒட்டி நீண்ட பலகை; அதன் முன் வரிசையாக முக்காலிகள். முதலாளியே எதிரில் நின்று சமைத்து நீட்டுகிறார். பல கடைகளில் வாசலருகே ஒரு சீட்டு இயந்திரம் உண்டு. பணத்தைப் போட்டுப் பொத்தானை அழுத்தினால் சீட்டு வரும். அதைப் பலகைமேல் வைத்தால் கிண்ணம் வரும். கல்லாவுக்குத் தனி ஆள் தேவையில்லை. கடன் பாக்கி என்ற பேச்சும் இல்லை.

உணவுப் பட்டியலும் சிறியது. மூன்று நான்கு வகை ராமென், கொஞ்சம் பக்க உணவு. வந்தவர் சூடு ஆறுவதற்குள் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவார். ஒரு கணக்குக்குப் பார்ப்போம். 12 இருக்கை; ஒருவருக்கு 20 நிமிடம். மணிக்கு 36 பேர் சாப்பிடலாம். சிறிய இடம், குறைந்த ஆள், குறைந்த இருப்பு, விரைந்த சுழற்சி. மளிகைக் கடை நடத்தும் நமக்கு இந்தக் கணக்கைப் புதிதாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

வீட்டுச் சரக்கே கடைச் சரக்கு

சப்போரோவில் ராமென் வியாபாரத்தின் தொடக்கமாக 1922-இல் பல்கலைக்கழகத்தின் அருகே நடந்த டகேயா என்ற உணவகத்தைச் சொல்வார்கள். சீனச் சமையற்காரர் ஒருவர் அங்கே நூடுல்ஸ் சமைத்தார். உலகப் போர் முடிந்த பிறகு, வேலையற்றுப் போன பலர் தள்ளுவண்டியில் ராமென் விற்கத் தொடங்கினர். 1951-இல் ஒரு சினிமாக் கொட்டகையின் அருகே ஏழெட்டுக் கடைகள் சேர்ந்து ஒரு ராமென் தெருவே உண்டாயிற்று.

இந்த நிலையில் ஓமியா மொரிடோ என்ற கடைக்காரர் ஒரு காரியம் செய்தார். அவருடைய கடையின் பெயர் அஜி நோ சன்பேய். ஜப்பானியர் வீட்டில் அன்றாடம் புழங்கும் பண்டம் மிசோ. சோயா மொச்சையை வேகவைத்து, உப்பும் நொதியேற்றிய தானியமும் சேர்த்துப் பல மாதம் புளிக்கவைத்த விழுது அது. அதைக் கரைத்துக் குடிப்பது வீட்டு வழக்கம். ஓமியா அந்த மிசோவை ராமென் சாற்றில் சேர்த்துப் பலமுறை பக்குவம் பார்த்து, 1954-55 வாக்கில் கடையில் விற்பனைக்குக் கொண்டுவந்தார். முளைகட்டிய பயறு, வெங்காயம், பூண்டு இவற்றைச் சூடான வாணலியில் கொழுப்பிட்டு வதக்கி அதில் சேர்த்தார். உப்பும் காரமும் கொழுப்பும் கூடிய அந்தக் கிண்ணம், பனியில் நடந்து வந்தவனுக்குத் தெம்பாக இருந்தது. இன்று சப்போரோ என்றால் மிசோ ராமென் என்று உலகம் சொல்கிறது.

இதில் கவனிக்க வேண்டியது, அவர் வெளிநாட்டிலிருந்து புதுச் சரக்கு எதையும் தேடவில்லை என்பது. ஒவ்வொரு வீட்டு அடுக்களையிலும் இருந்ததை எடுத்து, ஊரின் தட்பவெப்பத்துக்கு ஏற்றபடி மாற்றினார்.

சரக்குக் கொடுத்தவரின் பங்கு

கடைக்காரரை எல்லாரும் புகழ்கிறார்கள். நாம் மொத்த வியாபாரத்தில் இருப்பதால், பின்னால் நின்றவரையும் பார்க்கிறோம். மிசோ சாறு கெட்டியானது. சாதாரண நூடுல்ஸ் அதில் கிடந்து குழைந்துவிடும். சாறும் அதில் ஒட்டாது. கடைக்காரர் நினைத்தால் மட்டும் இது தீருமா? நூடுல்ஸ் செய்து கொடுப்பவரும் மாறவேண்டும்.

1953-இல் சப்போரோவில் நிஷியாமா தகயுகி என்பவர் நிஷியாமா நூடுல்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். அவருடைய உறவினர் ராமென் கடை வைத்திருந்தார். அந்தக் கடையின் நூடுல்ஸ் தயாரிப்பிலிருந்து பிரிந்து வளர்ந்ததே இந்தத் தொழில். ஓமியா போன்ற கடைக்காரர்களின் தேவையைக் கேட்டு, மாவில் நீரைக் கூட்டிப் பிசைந்து, முட்டை சேர்த்து, செய்த நூடுல்ஸை உடனே அனுப்பாமல் பதப்படுத்தி, சுருள் சுருளான மஞ்சள் நூடுல்ஸை உருவாக்கினார்கள். சுருளில் சாறு தங்கும். நீர் கூடிய மாவு சூட்டில் சீக்கிரம் குழையாது. சப்போரோ ராமெனின் அடையாளமாக இன்று சொல்லப்படுவது இந்தச் சுருள் நூடுல்ஸ்தான்.

அந்த நிறுவனம் கடைக்குக் கடை வேறுபட்ட தடிமனிலும் பதத்திலும் செய்து கொடுக்கிறது. புதிதாகக் கடை தொடங்குவோருக்கு வழிகாட்டவும் செய்கிறது. சிறிய கடைகள் பெருகப் பெருக நிறுவனமும் பெருகி, இப்போது வெளிநாடுகளுக்கும் ஏற்றுமதி செய்கிறது. வாங்குகிறவரை வளர்த்தால் விற்கிறவர் வளர்வார் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம்.

சூட்டை விற்கும் வழி

1964-இல் தொடங்கப்பட்ட ஜுன்ரென் கடையிலும், அந்தக் குடும்பத்திலிருந்து பின்னர் வந்த சுமிரே கடையிலும் ஒரு முறை உண்டு. கிண்ணத்தின் மேல் உருக்கிய பன்றிக் கொழுப்பு ஒரு படலமாக மிதக்கும். ஆவி மேலே வராது. பார்த்தால் ஆறிப்போனதுபோல இருக்கும். வாயில் வைத்தால் சுடும். கடைசி வாய் வரை சூடு இறங்காது. நம்மில் சைவ உணவினர் பலருக்கு அந்தப் பண்டம் ஒத்துவராது. எனினும் அதிலுள்ள வியாபார அறிவு நமக்கு ஒத்துவரும். பனியில் நடந்து வந்தவர் வாங்குவது நூடுல்ஸை மட்டுமன்று, சூட்டையும்தான் என்று அந்தக் கடைக்காரர் புரிந்துகொண்டார்.

தெரு மாறியபோது

1972-இல் சப்போரோவில் குளிர்கால ஒலிம்பிக் போட்டி நடந்தது. அதையொட்டி நகரம் மாற்றியமைக்கப்பட்டபோது பழைய ராமென் தெரு மறைந்தது. கடைக்காரர்கள் சிதறிப்போய்விடவில்லை. 1971-இல் சுசுகினோ என்ற பகுதியில் குறுகிய சந்து ஒன்றில் மீண்டும் சேர்ந்து கடை போட்டார்கள். அதுவே இன்றும் பயணிகள் தேடிப்போகும் ராமென் சந்து. ஒரே பண்டத்தை விற்பவர்கள் அருகருகே இருந்தால் போட்டி வரும் என்று அஞ்சுவோர் உண்டு. ஆனால் கூட்டம் சந்தைக்குத்தான் வரும். தனிக்கடையைத் தேடி வருவது அரிது.

அதே 1971-இல் நிலத்தடிக் கடைவீதிகளும் சுரங்க ரயிலும் வந்தன. 2011-இல் ரயில் நிலையத்திலிருந்து நகரின் நடுப்பகுதிக்கு நிலத்தடி நடைபாதையும் திறக்கப்பட்டது. பனிக்காலத்தில் மக்கள் நனையாமல் கீழேயே நடக்கிறார்கள். நடப்பவருக்கு இது வசதி. மேலே தெருவில் கடை வைத்திருப்பவருக்கோ, தன் வாசலைக் கடந்து போகும் தலைகள் குறையும். படியேறி வரும் அளவுக்குத் தன் பண்டத்துக்குத் தனிச்சுவை இருந்தாலொழிய அவர் நிற்க முடியாது.

பெயரைப் பெரியவர்கள் எடுத்துக்கொண்டபோது

சப்போரோ ராமென் புகழ்பெற்றதும், அந்தப் பெயரில் மற்றவர்கள் வியாபாரம் தொடங்கினர். 1966-இல் வந்த "சப்போரோ இச்சிபான்" என்ற பாக்கெட் நூடுல்ஸ் ஜப்பான் முழுவதும் பரவியது. அதைச் செய்த சான்யோ புட்ஸ் சப்போரோ நிறுவனமே இல்லை. தெற்கே குன்மா மாநிலத்தைச் சேர்ந்தது. 1967-இல் தோசன்கோ என்ற பெயரில் கிளைக் கடைகள் டோக்கியோவிலிருந்து பெருகின.

பாக்கெட் சரக்கும் பெருங்கடைகளும் வந்து நம் வியாபாரத்தைக் கொண்டுபோவதாக நாமும் கவலைப்படுகிறோம். சப்போரோ சிறுகடைகள் அதனால் அழிந்துவிடவில்லை. எதிரில் நின்று சமைப்பதும், அன்றன்று வரும் நூடுல்ஸும், கொதிக்கும் சாறும் பாக்கெட்டில் அடைபடாதவை. அந்த மூன்றையும் அவர்கள் கைவிடவில்லை.

குளிரில் ஐஸ்கிரீம்

இன்னொரு வேடிக்கை கேளுங்கள். இரவு விருந்து முடிந்ததும் கடைசியாக ஒரு ஐஸ்கிரீம் பர்பே சாப்பிடும் வழக்கம் இந்த ஊரில் உண்டு. பனிக்காலத்திலும் அதற்குக் கிராக்கி குறைவதில்லை. ஜப்பானின் பாலில் பாதிக்கு மேல் ஹொக்கைடோவில் கறக்கப்படுகிறது. கடைகளின் உள்ளே வெதுவெதுப்பாக இருக்கிறது. பின் என்ன தடை?

சூப் கறி என்பதும் அப்படி வந்ததே. 1993-இல் மேஜிக் ஸ்பைஸ் என்ற கடை, இந்தோனேசியாவின் கோழிச் சாற்றைப் பார்த்து இதற்கு அந்தப் பெயரிட்டது. கொத்தமல்லி, சீரகம், மஞ்சள், ஏலம் என நாம் சிப்பம் சிப்பமாக விற்கும் சரக்குகளே அந்தச் சாற்றுக்கு மணம். கூடவே ஹொக்கைடோவில் விளையும் உருளைக்கிழங்கும் காரட்டும் பெரிய துண்டுகளாக மிதக்கும். வெளியூர் மணமும் உள்ளூர் விளைச்சலும் ஒரே கிண்ணத்தில் சேர்ந்தன.

இப்போதுள்ள கஷ்டம்

எல்லாம் நன்றாகவே இருக்கிறது என்று சொல்வதற்கில்லை. ஜப்பான் தன் கோதுமைத் தேவையில் எண்பது சதவீதத்துக்கு மேல் இறக்குமதி செய்கிறது. அதை அரசாங்கம் ஆலைகளுக்கு விற்கும் விலை ஆண்டுக்கு இருமுறை, ஏப்ரலிலும் அக்டோபரிலும் திருத்தப்படுகிறது. 2022-இல் உக்ரைன் போர் தொடங்கிய பிறகு கோதுமை, எண்ணெய், எரிவாயு எல்லாம் ஏறின. கிண்ணத்தின் விலையையோ ஏற்ற முடியவில்லை. ஒரு கிண்ணம் ஆயிரம் யென்னைத் தாண்டினால் வாடிக்கையாளர் முகம் சுளிப்பார் என்ற அச்சத்துக்கு அங்கே "ஆயிரம் யென் சுவர்" என்றே பெயர். அந்தச் சுவரில் முட்டிக்கொண்டு மூடிய கடைகள் ஜப்பான் முழுவதும் உண்டு.

கொள்முதல் விலை ஏறும்போது எடையைக் குறைப்பதா, தரத்தைக் குறைப்பதா, விலையை ஏற்றுவதா? நம் கடைத்தெருவிலும் இதே கேள்விதான். தரத்தைக் குறைத்தவரை வாடிக்கையாளர் சத்தமில்லாமல் விட்டுவிடுவார். காரணத்தைச் சொல்லி விலையை ஏற்றியவரிடம் சண்டை போடுவார். ஆனாலும் மறுநாள் வருவார். நம் அனுபவத்தில் கண்டது இது.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை

1. பருவத்தைக் குறை சொல்லாமல், பருவத்துக்கேற்ற சரக்கை முன்கூட்டியே இருப்பில் வையுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மிளகு, சுக்கு, திப்பிலி, ரசப்பொடிக்கான சாமான்கள் கண்ணில் படும் இடத்தில் இருக்கட்டும்.

2. நூறு சரக்கை அரைகுறையாக வைப்பதைவிட, பத்துச் சரக்கில் "இந்தக் கடைதான்" என்ற பெயர் எடுங்கள்.

3. ஒரே தொழிலில் உள்ளவர் அருகில் வந்தால் பகைக்காதீர்கள். தெருவுக்குப் பெயர் வந்தால் கடைக்கும் வரும்.

4. மொத்த வியாபாரிகளுக்கு ஒரு சொல். உங்களிடம் சரக்கெடுக்கும் சிற்றுண்டிக் கடைக்காரர், "இந்த மாவு ஒட்டுகிறது, இந்தப் பருப்பு வேகவில்லை" என்றால் அதைக் குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அவர் சொல்வது அவருடைய வாடிக்கையாளரின் நாக்கு சொல்வது. அதைக் கேட்டு மில்காரரிடம் பேசி, வேண்டிய ரகத்தை வரவழைத்துக் கொடுத்தால் அவர் வேறு கடை ஏறமாட்டார்.

நம் பேரேட்டில் மிகச் சிறிய கணக்கு வைத்திருக்கும் சாப்பாட்டுக் கடைக்காரர் யார் என்று பாருங்கள். அடுத்த முறை அவர் சரக்கெடுக்க வரும்போது, பாக்கியைப் பற்றிப் பேசுவதற்கு முன், "சரக்கு உங்களுக்குச் சரியாக இருக்கிறதா?" என்று கேளுங்கள். நிஷியாமா நிறுவனம் வளர்ந்தது அந்தக் கேள்விக்குக் கிடைத்த பதிலால்தான்.