பொன்பாடிக்கு அப்பால்

அரக்கோணம்

அன்புள்ள கண்ணம்மா,

திருப்பதி பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகத்தில் உனக்கு இடம் கிடைத்துவிட்டது என்று உன் அப்பா போனில் சொன்னதும், எனக்கு முதலில் ஞாபகம் வந்தது நீ போகப்போகிற ரயில்தான். அந்தத் தடத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் போய் வந்தவன் நான். அரக்கோணத்திலிருந்து திருப்பதி 80 கிலோமீட்டர்கூட இல்லை. ஹாஸ்டலுக்கு என்னென்ன கட்டிக்கொண்டு போக வேண்டும் என்பதை உன் அம்மா பார்த்துக்கொள்வாள். வண்டியில் உட்கார்ந்து போவதைப் பற்றி மட்டும் நான் எழுதுகிறேன். அதில் எழுத என்ன இருக்கிறது என்று நினைத்துவிடாதே.

சப்தகிரி எக்ஸ்பிரஸ் சீக்கிரம் கொண்டுபோய் விட்டுவிடும். இருந்தாலும் முதல் நாலைந்து தடவை எல்லா ஸ்டேஷனிலும் நிற்கிற வண்டியில் போ. சப்தகிரி என்றால் ஏழு மலை என்று உனக்குத் தெரியும். சேஷாத்ரி, நீலாத்ரி, கருடாத்ரி, அஞ்சனாத்ரி, விருஷபாத்ரி, நாராயணாத்ரி, வேங்கடாத்ரி என்று அந்த ஏழுக்கும் தனித்தனிப் பெயர். இவற்றில் நான்கு ரயில்வே கால அட்டவணையிலேயே இருக்கின்றன. சென்னையிலிருந்து திருப்பதிக்குக் கருடாத்ரி, பெங்களூரிலிருந்து திருப்பதி வழியாகக் காக்கிநாடாவுக்குச் சேஷாத்ரி, திருப்பதியிலிருந்து ஹைதராபாத் பக்கம் நாராயணாத்ரி, சித்தூரிலிருந்து காச்சிகுடாவுக்கு வெங்கடாத்ரி. திருமலைமேல் ரயில் ஏறியதில்லை. அந்த மலைகளின் பெயர்கள்தான் இத்தனை ஊர்களுக்கு ரயிலில் போய் வருகின்றன. இந்த மாதிரிச் சின்னச் சின்ன விஷயங்களைப் பொறுக்கி வைத்துக்கொள்ளும் பழக்கம் எனக்கு உண்டு. பரீட்சைக்கு உதவாது. ஆனால் எதிரே இருக்கிறவரிடம் பேச்சை வளர்க்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

திருத்தணி தாண்டினால் பொன்பாடி. தமிழ்நாட்டின் கடைசி ஸ்டேஷன் அது. அடுத்து ஆந்திரத்தின் முதல் ஸ்டேஷன்: வெங்கடநரசிம்மராஜுவாரிபேட்டை. ஒரே சொல்லாக எழுதும் ஸ்டேஷன் பெயர்களில் இந்தியாவிலேயே மிக நீளமானது என்று பேர் வாங்கியது. பல சொல் பெயர்களையும் சேர்த்துக்கொண்டால், 2019இல் சென்னை சென்ட்ரலுக்கு முழுதாக வைத்த புரட்சித் தலைவர் எம்.ஜி.ஆர். பெயர் இதைவிட நீளம். போர்டு வந்ததும் எழுத்துகளை எண்ணிப் பார். ஆங்கிலத்தில் 28. தெலுங்கில் 13 தான். தமிழில் எழுதிப் பார்த்தேன், 16 வந்தது. ஒருமுறை எதிர் சீட்டில் இருந்த நாலாம் வகுப்புப் பையன் என்னோடு சேர்ந்து தெலுங்கில் எண்ணினான். எண்ணி முடிப்பதற்குள் எனக்கு ஐந்து தெலுங்கு எழுத்துகளைக் கற்றுக்கொடுத்துவிட்டான். நான் வாசித்த முதல் தெலுங்கு எழுத்துகள் அவைதான்.

எல்லை என்று வரைபடத்தில் கோடு போட்டிருக்கிறது. பெட்டிக்குள் அந்தக் கோடு கிடையாது. 1960 ஏப்ரல் 1 வரைக்கும் திருத்தணியே சித்தூர் மாவட்டத்தில்தான் இருந்தது. ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் பலனாக அது நம் பக்கம் வந்தது. திருப்பதி அங்கேயே நின்றுவிட்டது. திருத்தணியில் பிறந்து, பிற்பாடு குடியரசுத் தலைவரான ராதாகிருஷ்ணன் சின்ன வயசில் திருப்பதியில் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவர். அப்போது இரண்டு ஊருக்கும் நடுவில் மாநில எல்லை ஏதும் இல்லை. இப்போதும் திருத்தணியில் ஏறுகிறவர் தெலுங்கு பேசுவார், நகரியில் ஏறுகிறவர் தமிழ் பேசுவார். நீ தமிழில் கேள், அவர்கள் தெலுங்கில் சொல்லட்டும். மூன்று மாதத்தில் உனக்குப் பாதி புரியும்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

ஒரு புரட்டாசி மாதம். சனிக்கிழமைக்கு முதல் நாள், வண்டியில் கால் வைக்க இடமில்லை. எனக்கு எதிரே ஒரு பாட்டி. செய்யாறு பக்கத்துக் கிராமம் என்று பிறகு தெரிந்தது. வெயில் நேராக அவர் முகத்தில் அடித்தது. "பாட்டி, இந்தப் பக்கம் மாறி உக்காருங்க" என்று இடம் மாற்றிக் கொடுத்தேன். நான் பேசியது அவ்வளவுதான். கொஞ்ச நேரம் கழித்து அவராகவே மடியிலிருந்து மஞ்சள் துணி முடிச்சை எடுத்து அவிழ்த்து, முந்தானையில் ஒரு ரூபாய்க் காசுகளைக் கொட்டி எண்ண ஆரம்பித்தார். பத்துப் பத்தாக அடுக்கினார். வண்டி ஆட ஆட அடுக்கு சரிந்தது. மறுபடி அடுக்கினார். நானும் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டேன். 351 இருந்தது.

"பதினாலு கொறையுது" என்றார். பேரனுக்கு உடம்பு சரியில்லாமல் போய்ப் பிழைத்து எழுந்தானாம். பெருமாளுக்கு ஒரு வருஷம், நாளுக்கு ஒரு ரூபாய் என்று வேண்டிக்கொண்டாராம். நடுவில் அவரே காய்ச்சலில் விழுந்து பதினாலு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறார். அந்த நாட்களின் காசு முடிச்சில் விழவில்லை. நான் சட்டைப் பைக்குள் கை விட்டேன். அவர் என் கையைப் பிடித்துத் தடுத்துவிட்டார். "வேண்டுதல் காசுல அடுத்தவங்க காசு சேரக்கூடாதுப்பா."

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அவரே யோசித்து, காலடியில் இருந்த பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். அவித்த வேர்க்கடலை. "இது நான் வெதச்சு, நான் புடுங்கி, நான் அவிச்ச மல்லாட்ட. பதினாலு ரூபாய்க்கு வாங்கிக்க. அப்ப அது எங் காசு."

வாங்கிக்கொண்டேன். ஆனால் என்னிடம் ஒரு ரூபாய்க் காசு மூன்றுதான் இருந்தது. நோட்டு அவருக்கு வேண்டாம்; நாளுக்கு ஒரு காசு என்பதுதானே கணக்கு. அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. அந்தப் பக்கம் இருந்தவர்கள் எல்லோரும் பையையும் பர்ஸையும் துழாவ ஆரம்பித்தார்கள். ஒரு காலேஜ் பையன் நான்கு காசு கொடுத்தான். பூக்கூடையோடு கீழே உட்கார்ந்திருந்த ஒரு தெலுங்கு அம்மா, சுருக்குப் பையிலிருந்து ஏழு காசை எண்ணி வைத்துவிட்டு என்னிடம் ஏழு ரூபாய் சில்லறை வாங்கிக்கொண்டார். பொட்டலத்தைப் பார்த்து "செனக்காயலா?" என்று சிரித்தார். நாம் வேர்க்கடலை என்கிறோம், பாட்டி மல்லாட்டை என்றார், இந்த அம்மா செனக்காயலு என்றார். மல்லாட்டை என்பது மணிலாக்கொட்டை என்ற பேர் வாயில் தேய்ந்து வந்தது. அந்தக் கடலையை அத்தனை பேரும் உரித்துத் தின்றோம். பாட்டி 365 காசையும் மஞ்சள் துணியில் போட்டு இரண்டு முடிச்சுப் போட்டார். திருப்பதியில் இறங்கிக் கூட்டத்தில் போய்விட்டார். பேர்கூடக் கேட்கவில்லை நான்.

இதை ஏன் இவ்வளவு விரித்து எழுதுகிறேன் என்றால், பேச்சு எப்படித் தொடங்க வேண்டும் என்பதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது அந்த வெயில்தான். கேள்வியில் தொடங்காதே. ஒரு சின்ன உதவியில் தொடங்கு. பையை மேலே தூக்கி வை, ஜன்னலைச் சாத்திக் கொடு, குழந்தைக்கு இடம் விடு. பேச விருப்பம் இருந்தால் அவர்களே பேசுவார்கள். இல்லாவிட்டால் விட்டுவிடு. "சொந்த ஊரு எது? ஊர்ல எந்தத் தெரு? குலதெய்வம் எது?" என்று சிலர் வரிசையாகக் கேட்பார்கள். அது ஊரைக் கேட்பது அல்ல, ஜாதியைக் கேட்பது. அந்தக் கேள்வியை நீ யாரிடமும் கேட்காதே. உன்னிடம் கேட்டால் பதில் சொல்ல வேண்டிய கடமையும் உனக்கு இல்லை. உன் ஹாஸ்டல், அறை எண், போன் நம்பர் இவையும் அப்படியே. யாராவது தொந்தரவு கொடுத்தால் தயங்காமல் 139க்குப் போன் செய். நல்லவர்களோடு பேசுவதற்கும் இந்த ஜாக்கிரதைக்கும் முரண்பாடு எதுவும் இல்லை. இரண்டும் சேர்ந்தே இருக்கட்டும்.

சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நிக்கோலஸ் எப்ளி, ஜூலியானா ஷ்ரோடர் என்ற இருவர் அங்கே தினசரி ரயிலில் வேலைக்குப் போகிறவர்களிடம் ஒரு சோதனை செய்து 2014இல் வெளியிட்டார்கள். சிலரைப் பக்கத்தில் இருக்கும் அந்நியரோடு பேசிக்கொண்டு போகச் சொன்னார்கள், சிலரைப் பேசாமல் தனியாகப் போகச் சொன்னார்கள். பேசிக்கொண்டு போனவர்களுக்குத்தான் பயணம் அதிக இனிமையாக இருந்தது. ஆனால் முன்கூட்டியே எது இனிமை என்று கேட்டபோது, தனியாகப் போவதுதான் என்று ஜனங்கள் சொல்லியிருக்கிறார்கள். நம்மூர்ப் பெட்டியில் யாரும் சொல்லாமலே நடந்துகொண்டிருந்த காரியம் இது. இப்போது காதில் மாட்டிக்கொண்டு உட்காருவது இங்கேயும் வந்துவிட்டது. பாட்டு கேட்காதே என்று சொல்லமாட்டேன். திருத்தணியிலிருந்து புத்தூர் வரைக்குமாவது ஒரு காதைத் திறந்து வை.

புத்தூர் என்றதும் எலும்புக் கட்டு ஞாபகம் வராத ஆள் இந்தத் தடத்தில் கிடையாது. கையையும் காலையும் ஒடித்துக்கொண்டவர்கள் தமிழ்நாட்டின் எங்கெங்கிருந்தோ வந்து இறங்குவார்கள். பச்சிலையும் முட்டையின் வெள்ளைக் கருவும் வைத்து, மூங்கில் பத்தை கொடுத்துத் துணியால் இறுக்கிக் கட்டிய கையோடு திரும்ப ஏறுவார்கள். எப்படி விழுந்தது என்பதை ஒவ்வொருவரும் ஒரு கதையாகச் சொல்வார்கள். கதையைக் கேள். ஆனால் எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்திருந்தால் நேரே ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும் என்று, தெரியாதவர்களுக்கு எடுத்துச் சொல்.

என் மேல் உள்ள ஒரு தப்பையும் உனக்குச் சொல்ல வேண்டும். வேலையில் சேர்ந்த புதிது. ராத்திரி வண்டி. பெட்டியில் கூட்டம் இல்லை. எதிரே நடுத்தர வயசுக்காரர் ஒருவர், மடியில் ஒரு பிளாஸ்டிக் உறை. உள்ளே மகளின் பள்ளிச் சான்றிதழ்கள் இருப்பது தெரிந்தது. வண்டி நின்றது. "ரேணிகுண்டாவா சார்?" என்றார். நான் பத்திரிகையிலிருந்து தலையை எடுக்காமல் ஆட்டினேன். அவர் இறங்கினார். வண்டி நகர்ந்த பிறகுதான் போர்டு என் கண்ணில் பட்டது. பூடி. ரேணிகுண்டாவுக்கு முந்திய ஸ்டேஷன். ஒரே ஒரு விளக்கு எரிந்தது. அந்த விளக்குக்குக் கீழே அவர் போர்டை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். அந்த மனிதருக்கு வாசிக்கத் தெரியாது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அடுத்த வண்டி எத்தனை மணிக்கு வந்தது, மறுநாள் அந்தச் சான்றிதழ்கள் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குச் சேர்ந்தனவா, எனக்குத் தெரியாது. அதிலிருந்து யாராவது ஸ்டேஷன் பெயர் கேட்டால், எழுந்து ஜன்னல் பக்கம் போய் போர்டை வாசித்துவிட்டுத்தான் சொல்வேன். நீயும் அப்படியே செய்ய வேண்டும். இந்தக் கடிதத்தில் மற்றதை மறந்தாலும் இதை மறக்காதே.

உனக்குத் தி. ஜானகிராமனின் 'சிலிர்ப்பு' கதையைத் தேடி அனுப்புகிறேன். ரயிலில் நடப்பது. வேலைக்காக ஊர் விட்டு ஊர் போகும் ஒரு சிறுமிக்கு, ஒரு சின்னப் பையன் தன் ஆரஞ்சுப் பழத்தைக் கொடுக்கிறான், அவ்வளவுதான் கதை. முதல் பயணத்திலேயே படித்துவிடு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தோழிகளோடு அலிபிரியிலிருந்து நடந்து திருமலை ஏறு. 3,550 படி. 1944இல் மலைச் சாலை திறக்கும்வரை ஏறிய எல்லோருக்கும் படிதான், அல்லது டோலி. ஒவ்வொரு படிக்கும் மஞ்சளும் குங்குமமும் வைத்துக்கொண்டே ஏறுகிற பெண்களைப் பார்ப்பாய். அத்தனை தடவையும் குனிந்து நிமிர்கிறார்கள். மோகாள்ள பர்வதத்தில் முழங்காலாலேயே ஏறுகிறவர்களும் உண்டு. தெலுங்கில் மோகாலு என்றால் முழங்கால். ரயிலில் எதிரே உட்கார்ந்து வந்தவர்களில் யாராவது அங்கே உன்னைத் தாண்டிப் போவார்கள். பேர் தெரியாது, முகம் தெரியும். "கோவிந்தா" என்பார்கள். நீயும் சொல்.

இந்தக் கடிதத்தோடு ஒரு சின்ன நோட்டு வைத்திருக்கிறேன். பை முன்னறையில் வை. முதல் தடவை போகும்போது புத்தூரில் கையில் கட்டோடு யார் ஏறினார்கள், எப்படி விழுந்தார்களாம் என்று கேட்டு எனக்கு எழுது. போனில் சொல்லாதே. எழுது.

உன்,
பெரியப்பா