ஐந்து நிமிடமா, பத்து நொடியா?

மின்கணக்கு எடுப்பவர் இரண்டு மாதத்திற்கு ஒருமுறை நம் வீட்டு மீட்டரைப் பார்க்கிறார். அதிலுள்ள எண்ணிலிருந்து வெள்ளை அட்டையில் உள்ள பழைய எண்ணைக் கழிக்கிறார். இத்தனை யூனிட் என்று விடை வந்துவிடுகிறது. அந்த இரண்டு மாதத்தில் எந்த நாள் மோட்டார் அதிகம் ஓடியது என்று அவரைக் கேட்டால் சொல்ல இயலுமா? இயலாது. மீட்டர் மொத்தத்தை மட்டுமே அறியும். எப்போது செலவாயிற்று என்பது தெரிய வேண்டுமானால், அடிக்கடி வந்து பார்க்க வேண்டும்.

கணினி வலையமைப்பின் போக்குவரத்தைக் கண்காணிக்கும் மென்பொருளும் இதே முறையில்தான் வேலை செய்கிறது. ரூட்டர், சுவிட்ச் ஆகிய கருவிகளின் ஒவ்வொரு முனையிலும் ஓர் எண்ணி உண்டு. உள்ளே வந்த பைட்டுகளையும் வெளியே சென்ற பைட்டுகளையும் அது ஓயாமல் கூட்டிக்கொண்டே போகும். வேகம் என்ன என்பது அதற்குத் தெரியாது. மென்பொருள் எஸ்.என்.எம்.பி. என்னும் நெறிமுறை வழியாக அந்த எண்ணைக் கேட்டு வாங்கி, முன்பு வாங்கிய எண்ணைக் கழித்து, இடையில் கழிந்த நொடிகளால் வகுத்து வேகத்தைக் காண்கிறது. இரு கேள்விகளுக்கு இடைப்பட்ட காலமே வினவல் இடைவெளி. ஆங்கிலத்தில் போலிங் இன்டர்வெல் என்பர்.

பெரும்பாலான இடங்களில் இது ஐந்து நிமிடம். இந்த வழக்கம் பரவியதில் எம்.ஆர்.டி.ஜி. என்ற மென்பொருளுக்குப் பெரும் பங்கு உண்டு. 1994-இல் இங்கிலாந்தின் டிமான்ட்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய டோபி ஓட்டிக்கர், அங்கிருந்த ஒரே 64 கிலோபிட் வெளியிணைப்பு எவ்வளவு நிரம்புகிறது என்று அறிய அதை எழுதினார். 1995-இல் உலகிற்கு வழங்கினார். (நம் நாட்டில் பொதுமக்களுக்கு இணைய இணைப்பு கிடைக்கத் தொடங்கியதும் அதே 1995 ஆகஸ்டு 15-இல்தான்.) ஒரு கல்லூரி வளாகத்தின் நெரிசலிலிருந்து பிறந்த கருவி என்பதால் எனக்கு அதன்மேல் தனிப் பற்று உண்டு. ஆனால் 64 கிலோபிட் காலத்தில் பொருந்திய ஐந்து நிமிடம் இன்றும் பொருந்துமா?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நமது இணைப்பின் கொள்ளளவு நொடிக்கு 10 மெகாபிட். 30 நொடிகள் அது முழுவதும் நிரம்பி வழிகிறது. மீதி 270 நொடிகளில் நொடிக்கு 1 மெகாபிட் மட்டுமே ஓடுகிறது. ஐந்து நிமிடச் சராசரி என்ன? 300-ம் 270-ம் கூட்டினால் 570. அதை 300-ஆல் வகுத்தால் 1.9. வரைபடத்தில் இணைப்பு ஐந்தில் ஒரு பங்குகூட நிரம்பவில்லை என்றே தெரியும். அந்த 30 நொடியில் திரைமுன் காத்திருந்தவருக்கோ பக்கம் திறக்கவே இல்லை.

இது வெறும் ஏட்டுக் கணக்கு அன்று. உதவித்தொகை விண்ணப்பத்தின் கடைசி நாளில் எங்கள் ஆய்வுக்கூடத்தில் நடந்ததும் இதுதான். ஒரு வகுப்பு முழுவதும் ஒரே நேரத்தில் சான்றிதழ்களை ஏற்றும்; பக்கம் நின்றுவிடும்; சற்றுப் பொறுத்துத் தானே சரியாகிவிடும். வரைபடத்தைப் பார்த்தவர்கள் "லைன் சும்மாதானே இருக்கிறது" என்றார்கள். என் தாயார் விடியுமுன் ஜீப்பில் கம்பம்மெட்டு ஏறி ஏலத்தோட்டத்திற்கு வேலைக்குப் போகிறவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். அந்த விண்ணப்பம் ஏறுமா ஏறாதா என்பது எங்களுக்குச் சிறிய செய்தி அல்ல. பின்னர் ஆசிரியரின் அனுமதியுடன் முதன்மை இணைப்பை மட்டும் பத்து நொடிக்கு ஒருமுறை வினவச் செய்தோம். தட்டையாக இருந்த கோடு நெட்டுக்குத்தான முட்களாக மாறிற்று. ஒவ்வொரு பாடவேளையின் தொடக்கத்திலும் ஒரு முள்!

இடைவெளி நீண்டால் இன்னொரு தொல்லையும் உண்டு. பழைய எண்ணிகள் 32 பிட் அளவுடையவை. சுமார் 429 கோடி பைட்டுகள் வரை எண்ணிவிட்டுப் பழைய மோட்டார் சைக்கிளின் கிலோமீட்டர் எண்ணைப் போல மீண்டும் பூச்சியத்திற்கு வந்துவிடும். முழு வேகத்தில் ஓடினால் 10 மெகாபிட் இணைப்பில் ஒரு சுற்றுக்கு 57 நிமிடம். 100 மெகாபிட்டில் 5.7 நிமிடம், 1 கிகாபிட்டிலோ வெறும் 34 நொடி. ஒரு சுற்று என்றால் மென்பொருள் கணித்துத் திருத்திக்கொள்ளும். ஐந்து நிமிடத்தில் எட்டு முறை சுற்றிவிட்டால் அதற்கு எப்படித் தெரியும்? இதற்கு மருந்து 64 பிட் எண்ணி. அதே கிகாபிட் வேகத்தில் அது ஒரு சுற்றுச் சுற்ற 4,600 ஆண்டுகளுக்கு மேலாகும்.

அப்படியானால் நொடிக்கொரு முறை கேட்டுவிடலாமே என்று தோன்றும். அதற்கும் விலை உண்டு. 24 முனைகள் கொண்ட ஒரு சுவிட்சில் போக்கும் வரத்துமாக 48 எண்ணிகள். ஐந்து நிமிட இடைவெளியில் நாளொன்றுக்கு 13,824 அளவுகள் சேரும். பத்து நொடியில் 4,14,720. பதில் சொல்வதும் கருவிக்கு ஒரு வேலைதான். சில கருவிகள் தம் எண்ணிகளைச் சில நொடிகளுக்கு ஒருமுறையே புதுப்பிக்கின்றன. அவற்றை அதைவிட வேகமாகக் கேட்டால் ஒருமுறை பூச்சியமும் மறுமுறை இருமடங்கும் வரும்; இல்லாத அலையொன்று வரைபடத்தில் எழும்பும்.

மாணவ நண்பர்கள் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று. அளவுகளைச் சேமிக்கப் பலரும் பயன்படுத்தும் ஆர்.ஆர்.டி. கோப்பில், அதை உருவாக்கும்போதே படியளவு எழுதப்பட்டுவிடுகிறது. அது 300 நொடி என்று இருந்தால், நாம் பத்து நொடிக்கு ஒருமுறை வினவினாலும் கோப்பு அவற்றையெல்லாம் சேர்த்து ஐந்து நிமிடச் சராசரியாகவே வைத்துக்கொள்ளும். உழைப்பு முப்பது மடங்கு, பயன் பழையதே. ஆகவே இடைவெளியை மாற்றும்போது கோப்பையும் புதிய படியளவில் உருவாக்க வேண்டும். நாட்பட்ட அளவுகள் மேலும் சராசரியாக்கப்படும் என்பதால், சராசரியுடன் உச்ச அளவையும் சேமிக்கச் சொல்லிவிடுவது நல்லது. எம்.ஆர்.டி.ஜி.யின் ஆண்டு வரைபடத்தில் ஒரு புள்ளி என்பது ஒரு முழு நாளின் சராசரி. அதில் பாடவேளை முள்ளைத் தேடுவது வீண்.

எல்லாவற்றுக்கும் ஒரே இடைவெளி வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. நம் வைகை அணையை எடுத்துக்கொள்ளுங்கள். முழுக் கொள்ளளவு 71 அடி. 66 அடியில் முதல் வெள்ள எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது. கோடையில் நாளிதழில் நாளுக்கொரு முறை வரும் நீர்மட்டம் போதும். மேகமலையில் மழை கொட்டும் இரவில், 69 அடியை நெருங்கும்போது, மறுநாள் காலை அளவுக்காக யாராவது காத்திருப்பார்களா? எங்கள் ஆய்வுக்கூடத்திலும் இப்போது வெளியிணைப்புக்குப் பத்து நொடி, துறைகளுக்கிடையே உள்ள சுவிட்சுகளுக்கு ஒரு நிமிடம், அச்சுப்பொறிக்குப் பழைய ஐந்து நிமிடமே. ஒவ்வொரு வரைபடத்தின் அடியிலும் அதன் இடைவெளியை எழுதி வைத்திருக்கிறோம்.